ரேணிக் கிராமமும் காட்டின் உரிமையும்

சென்ற ஆண்டு உலகச் சுற்றாடல் தினத்தையொட்டி எமது பாடசாலையில் ஒரு சிறு கூட்டம் நிகழ்ந்தது. மரக்கன்றுகள் நடப்பட்டன, மாணவர் சிலர் பேசினர். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, இமயமலைப் பெண்கள் மரங்களைக் கட்டித் தழுவிக் காத்த வரலாற்றை உணர்ச்சியோடு எடுத்துரைத்தாள். கூட்டம் கலைந்தபின் கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் எம்மிடம் வந்து, "சேர், அந்த ஊர் இப்பொழுது எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். எம்மிடம் விடை இருக்கவில்லை. விடையைத் தேடிப் படித்தபோது, இதுகாறும் வகுப்பறையில் நாம் சொல்லிவந்தது பாதிக் கதையே என்பது புலனாயிற்று. மறுபாதியையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியர் கடன் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அந்த ஊரின் பெயர் ரேணி. இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்திலே, நந்தாதேவிச் சிகரத்தின் பனிமலைகளிலிருந்து இறங்கிவரும் ரிஷிகங்கை தௌலிகங்கையோடு கலக்குமிடத்தில் அது அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் போட்டியா என்னும் மலைவாழ் மக்கள். தானியத்தையும் துணியையும் திபெத்துக்குக் கொண்டு சென்று, உப்பையும் கம்பளி மயிரையும் மாற்றாகப் பெற்று வந்தவர்கள் அவர்கள். 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போருடன் எல்லை மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த வாணிகம் ஒரே நாளில் அற்றுப்போயிற்று. எஞ்சியவை சிறு நிலமும் ஆடுமாடுகளும் காடுமே. அக்காட்டையும் இழக்க நேர்ந்தபோது அம்மக்கள் என்ன செய்தனர் என்பதே சிப்கோ இயக்கத்தின் வரலாறு.

'சிப்கோ' என்பதற்கு 'ஒட்டிக்கொள்' என்பது பொருள். மரத்தை அணைத்து நிற்கும் பெண்ணின் உருவம் உலகெங்கும் பரவிவிட்டது. அது கண்ணுக்கு இனிய காட்சி, மறுப்பதற்கில்லை. ஆயின், அக்காட்சி மட்டுமே வரலாறாகிவிடும்போது, இயற்கையை நேசித்த வெகுளி உள்ளங்களின் செயலாக மட்டும் அப்போராட்டம் சுருங்கிவிடுகின்றது. அவர்கள் மரத்தை நேசித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த நேசத்தின் அடியில் விறகும் தீவனமும் தண்ணீரும் கலப்பையும் இருந்தன. காட்டின் மீது ஆணை செலுத்தும் உரிமை யாருக்குரியது என்னும் கேள்வி இருந்தது. அக்கேள்வி 1974இல் திடீரெனத் தோன்றியதன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவெங்கும் இருப்புப்பாதைகள் விரிந்தபோது, தண்டவாளங்களைத் தாங்குதற்கு உறுதியான சிலிப்பர்க் கட்டைகள் வேண்டியிருந்தன. இமயமலைத் தேவதாரு மரம் அதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. கட்வால் மலைகளில் வெட்டப்பட்ட மரங்கள் கங்கையிலும் யமுனையிலும் மிதக்கவிடப்பட்டுச் சமவெளியைச் சென்றடைந்தன. 1864இல் வனத் திணைக்களம் நிறுவப்பெற்றது. 1878ஆம் ஆண்டின் வனச் சட்டம் காடுகளை வகுத்து, மிகச் சிறந்த பகுதிகளை அரசின் தனியுடைமை ஆக்கியது. அதுவரை ஊராருக்கு இயல்பாயிருந்த உரிமை, அன்றுமுதல் அதிகாரி தரும் சலுகையாக மாறியது. தன் மாட்டுக்குத் தீவனம் அறுத்தவள் குற்றவாளியானாள்.

மக்கள் இதனை வாளாவிருந்து ஏற்றுக்கொள்ளவில்லை. 1921இல் குமாவோன் பகுதியில், அதிகாரிகளின் பொதிகளைக் கூலியின்றிச் சுமக்க வேண்டும் என்ற கட்டாய ஊழியத்தை மக்கள் எதிர்த்தனர்; பாகேசுவரத்திற் கூடிய பெருங்கூட்டத்தில், ஊழியம் செய்வோரின் பெயர்ப் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசியெறிந்தனர். அதே ஆண்டில் அரசு உரிமை கொண்டாடிய பைன் காடுகள் பல தீக்கிரையாயின. 1930 மே 30ஆந் திகதி, டெகிரி சமஸ்தானத்தின் திலாரி என்னுமிடத்தில், வன விதிகளை எதிர்த்து யமுனைக் கரையிற் கூடிய குடியானவர் மீது சமஸ்தானப் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது, பலர் மாண்டனர். ஆகவே மரத்தைத் தழுவியவர்களின் பின்னால், காட்டின் உரிமைக்காகப் போராடிய மூன்று தலைமுறையினர் நின்றனர் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

1947இல் ஆட்சி மாறியது. வனச் சட்டம் மாறவில்லை. காடுகள் ஏலத்தில் விடப்பட்டன. சமவெளியின் குத்தகைக்காரர் எடுத்தனர். வெட்டுதற்கும் வெளியிலிருந்தே தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மலைநாட்டு ஆண்கள் பிழைப்புத் தேடிச் சமவெளிக்கும் இராணுவத்துக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பும் காசுக்கட்டளையை நம்பியே வீடுகள் இயங்கின. உழவும் மாடும் விறகும் தண்ணீரும் பெண்களின் தலைமேல் விழுந்தன. காடு ஒரு மைல் பின்வாங்கினால் பெண்ணின் நடை போகவரம் இரண்டு மைல் கூடிற்று. காட்டின் அழிவை முதலில் அளந்தறிந்தவை அதிகாரிகளின் கணக்கேடுகள் அல்ல, இப்பெண்களின் கால்களே.

1970 யூலையில் அலகநந்தை ஆறு பெருக்கெடுத்தது. பாலங்களும் வீதிகளும் வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. பேலாகூச்சி என்னும் சிற்றூர் வெள்ளத்தில் மறைந்தது. கோபேசுவரத்தில் 1964இல் சண்டி பிரசாத் பட் முதலானோர் நிறுவிய தசோலி கிராம சுயராச்சிய சங்கத்தினர் நிவாரணப் பணிக்காக ஊரூராகச் சென்றனர். மேட்டுக் காடுகள் மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளின் கீழேயே மண்சரிவும் அழிவும் மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர். ஊர் மக்களோ அதனை முன்னரே அறிந்திருந்தனர். வெள்ளத்துக்கும் ஏலத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது பொதுப் பேச்சாயிற்று.

1973இல் அச்சங்கத்தினர் கலப்பை, நுகம் முதலிய உழவுக் கருவிகள் செய்வதற்கு 'அங்கு' என அவ்வூரார் வழங்கும் மரங்கள் சிலவற்றைக் கேட்டனர். வனத் திணைக்களம் மறுத்துவிட்டது. அதே மரங்கள், விளையாட்டுப் பொருள்கள் செய்யும் சமவெளிக் கம்பனி ஒன்றுக்கு வழங்கப்பட்டன. உழவனின் நுகத்துக்கு இல்லாத மரம் டென்னிஸ் மட்டைக்கு இருந்தது! அந்த ஏப்பிரிலில் மண்டல் என்னும் ஊரில் மக்கள் திரண்டு நின்றனர். கம்பனியின் ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினர். சிப்கோவின் முதல் வெற்றி அதுவே. மரத்தை வெட்டவே கூடாது என்பது அங்கு எழுந்த கோரிக்கையன்று. யாருக்காக வெட்டுவது, யார் தீர்மானிப்பது என்பதே வினாவாயிருந்தது.

அடுத்த ஆண்டு ரேணியின் முறை வந்தது. அக்காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின. சோசிமடப் பகுதியின் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் கோவிந்த் சிங் ராவத் ஊர்தோறும் சென்று மக்களை விழிப்பூட்டினார். மக்கள் எதிர்ப்பர் என்பதை அதிகாரிகள் உணர்ந்தனர். 1974 மார்ச்சு 26ஆந் திகதி, போருக்குப்பின் இராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு நட்டஈடு தருவதாகக் கூறி ஊர் ஆண்கள் சமோலிக்கு அழைக்கப்பட்டனர். சங்கத்து ஊழியர்களும் கோபேசுவரத்தில் அதிகாரிகளுடனான பேச்சில் தங்கிவிட நேர்ந்தது. ஊரில் ஆண்கள் இல்லை எனத் தெளிந்தபின் வெட்டுவோர் காட்டை நோக்கிப் புறப்பட்டனர்.

அவர்களைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து கௌரா தேவியிடம் செய்தி சொன்னாள். கௌரா தேவி 1925இல் அயலூரான லாதாவிற் பிறந்தவர், இருபத்திரண்டு வயதிற் கணவனை இழந்தவர், பாடசாலைக்குச் சென்றறியாதவர், ரேணி மகளிர் மன்றத்தின் தலைவி. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பெண்களும் சிறுமியருமாக முப்பது பேருக்கும் குறைவானோர் அவரோடு காட்டுக்கு ஏறினர். காடு தமக்குத் தாய்வீடு என்று அவர் எடுத்துரைத்ததாகச் சொல்வர். வந்தவர்களுள் ஒருவன் குடிபோதையில் துப்பாக்கியைக் காட்டினான், பெண்கள் நகரவில்லை. தொழிலாளர் பின்வாங்கினர். அவர்கள் மீண்டும் ஏறாதபடி, மண்சரிந்த இடத்தைக் கடக்க இடப்பட்டிருந்த சீமெந்துப் பாலத்தையும் பெண்கள் தகர்த்தனர். இரவு முழுவதும் காவல் இருந்தனர்.

இப்போராட்டம் அரசை அசைத்தது. தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்று அமைந்தது. அதன் அறிக்கையை ஏற்று, ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் பத்து ஆண்டுகளுக்கு மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. பின்னர் 1,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளிற் பச்சை மரங்களை வாணிகத்துக்கு வெட்டுதற்குப் பதினைந்தாண்டுத் தடை வந்தது. 1987இல் சர்வதேசப் பரிசொன்றும் இயக்கத்துக்குக் கிட்டியது. பெண்களின் விழிப்பு அயலிடங்களுக்கும் பரவிற்று. 1980இல் டோங்கிரி பைந்தோலி என்னும் ஊரில் ஆண்கள் கூடிய ஊர்மன்றமே ஓக் மரக்காட்டை வெட்ட இசைந்துவிட்டபோது, பெண்கள் தம் வீட்டு ஆண்களையே எதிர்த்து நின்று காட்டைக் காத்தனர்.

எமது வகுப்பறைக் கதை இங்கேதான் முடிவது வழக்கம். வெற்றி, விருது, மங்களம். ஆனால் ரேணியின் வரலாறு அங்கு முடியவில்லை.

மரம் வெட்டும் அதிகாரம் குத்தகைக்காரனிடமிருந்து பறிக்கப்பட்டது உண்மை. அது ஊராரிடம் வந்து சேர்ந்ததா? இல்லை. முன்னிலும் இறுக்கமாக அரசின் கையில் அமர்ந்தது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; 1988இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. இயற்கைப் பாதுகாப்பின் பெயரால் அப்பகுதி மனித நடமாட்டத்துக்கு மூடப்பட்டது. அதனால் மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்கள் யாவர்? மூலிகை சேகரிக்கும் உரிமையையும், மலையேறுவோருக்குச் சுமைதூக்கி வழிகாட்டிப் பெற்ற கூலியையும் இழந்தவர்கள் யாவர்? லாதா, ரேணி முதலிய ஊர்களின் மக்களே. காட்டைக் காத்தவர்கள் காட்டுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1998இல் லாதா ஊரார் தடையை மீறிப் பூங்காவினுள் நுழைந்து தம் உரிமையைக் கேட்கவேண்டியதாயிற்று.

ஒருபுறம் புல்லறுக்கத் தடை. மறுபுறம் பாறை பிளக்க அனுமதி. பூங்காவின் எல்லைக்கு அண்மையிலேயே ரிஷிகங்கையில் 13.2 மெகாவாற்று ஆற்றலுடைய தனியார் நீர்மின் நிலையம் ஒன்று எழுந்தது. கீழே தபோவனத்தில் 520 மெகாவாற்றுப் பெருந்திட்டம் தொடங்கிற்று. நீர்மின்சாரம் புகையற்றது, நிலக்கரி எரிப்பதைத் தவிர்க்க உதவுவது. புவி வெப்பமடையும் காலத்தில் அதனை வேண்டாம் என்று எளிதிற் சொல்லிவிட இயலாது. ஆயினும் தூய மின்சாரம் என்ற சொல்லினுள்ளே அந்த ஆற்றங்கரையில் வெடித்த வெடிமருந்தும் அடங்கியுள்ளது. 2013 யூனில் கேதார்நாத் வெள்ளம் பல ஆயிரம் உயிர்களைக் கொண்டபின், இந்திய உயர்நீதிமன்றத்தின் கட்டளைப்படி ரவி சோப்ரா தலைமையில் அமைந்த அறிஞர் குழு, தான் ஆராய்ந்த 24 மின்திட்டங்களில் 23 மீட்கமுடியாத தீங்கு விளைப்பவை என 2014இல் அறிவித்தது. திட்டங்கள் யாவும் நின்றுவிடவில்லை. 2019இல் ரேணி ஊரார், வெடிவைத்துப் பாறை பிளத்தலையும் கழிவை ஆற்றிற் கொட்டுதலையும் எடுத்துக்கூறி மாநில நீதிமன்றத்தை நாடினர்.

2021 பெப்ருவரி 7ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ரோந்திச் சிகரத்தின் வடசரிவிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் கனமீற்றர் பாறையும் பனியும் பெயர்ந்து, 1,800 மீற்றர் கீழே பள்ளத்தாக்கில் விழுந்தது. உராய்வின் வெப்பத்திற் பனி உருகியது. சேறும் நீரும் கற்பாறையும் ஒன்றாகி ரிஷிகங்கை வழியே பாய்ந்தது. ரேணியின் காலடியில் நின்ற மின்நிலையம் இருந்த இடந்தெரியாமல் அழிந்தது. தபோவனத்தின் சுரங்கங்களுள் சேறு புகுந்தது. இருநூறு பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் அவ்விரு திட்டங்களிலும் கூலிக்கு உழைத்தோர்; தொலைதூர மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தோர் பலர். ஆற்றின் மேற்புறத்தில் எச்சரிக்கைக் கருவி எதுவும் இருக்கவில்லை.

இதற்குப் புவி வெப்பமாதல்தான் காரணமா? தனியொரு நிகழ்ச்சியை அங்ஙனம் அறுதியிட்டுக் கூற விஞ்ஞானிகள் ஒருப்படவில்லை, நாமும் மிகைப்படுத்தலாகாது. ஆனால், வெப்பம் ஏற ஏற உயர்மலைப் பாறைகளைப் பிணித்து நிற்கும் உறைபனி தளர்கின்றது என்பதும், அதனால் இத்தகைய சரிவுகளுக்கு வாய்ப்பு மிகுகின்றது என்பதும் அறிஞர் ஏற்றுக்கொண்ட செய்திகள். இந்துகுஷ்-இமயப் பகுதியின் பனிப்பாறைகள் 2011 முதல் 2020 வரையான பத்தாண்டிலே, அதற்கு முந்திய பத்தாண்டிலும் பார்க்க 65 விழுக்காடு விரைவாகப் பனியை இழந்தன என்பது 2023இல் வெளிவந்த ஆய்வின் முடிபு.

அந்த வெப்பத்தை உண்டாக்கியவர் யாவர்? கைத்தொழிற் புரட்சிக்காலந் தொட்டு நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஐக்கிய அமெரிக்கா ஒன்றினுடையது. கூடையிற் சாணமும் முதுகில் விறகும் சுமந்த ரேணிப் பெண்ணின் பங்கு அக்கணக்கில் எத்தனையாவது தானத்திலும் தென்படாது. விளைவைத் தாங்குவோர் வேறு, வினையைச் செய்தோர் வேறு என்னும் இவ்வநீதியை நீக்கக் கோருவதையே இன்று காலநிலை நீதி என்கின்றனர். 1992இல் ரியோ மாநாடு, நாடுகளின் பொறுப்பு பொதுவானதேயாயினும் அளவில் வேறுபட்டது என்று ஏற்றது. 2022இல் எகிப்தில் நடந்த மாநாடு, பாதிப்புற்ற நாடுகளின் இழப்புக்கு ஒரு நிதியம் அமைக்க இசைந்தது. இவை வறிய நாடுகள் நெடுங்காலம் வாதாடிப் பெற்றவை. குறைத்து மதிப்பிடத் தக்கவையல்ல.

எனினும் நாடுகளுக்கிடையே கோரப்படும் நீதி, நாட்டின் உள்ளேயும் நிலவுதல் வேண்டும். வறிய நாட்டின் அரசு உலக அரங்கிலே செல்வ நாடுகளை நோக்கிக் கேட்கும் அதே கேள்வியை, அந்நாட்டு மலையூரின் கிழவி தன் அரசை நோக்கிக் கேட்கக்கூடும். பயன் யாருக்கு? பாடு யாருக்கு? முடிவெடுக்கும்போது எம்மைக் கேட்டீர்களா? இம்மூன்று வினாக்களும் தேவதாருக் காலத்திலும் கேட்கப்பட்டவை. டென்னிஸ் மட்டைக் காலத்திலும் கேட்கப்பட்டவை. மின்திட்டக் காலத்திலும் கேட்கப்படுபவை. காட்டைப் பயன்படுத்துவோர் மாறினர். பயன்படுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மாறின. ஊராரைக் கேளாமலே முடிவெடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. ரேணியின் வரலாற்றிலிருந்து நாம் கற்கும் முதன்மையான பாடம் இதுவே என்பது எமது துணிபு.

வெள்ளத்தின் பின் நிகழ்ந்தவை இப்பாடத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றன. அவ்விரு திட்டங்களின் அனுமதியையும் நீக்கவேண்டும் என, ரேணியினர் மூவர் உட்பட ஐவர் மாநில நீதிமன்றத்தில் மனுச்செய்தனர். 2021 யூலையில் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மனுதாரரின் நல்லெண்ணத்தை ஐயுற்று, மறைந்து நிற்கும் எவரோ ஆட்டிவைக்கும் பாவைகள் அவர்கள் எனக் கருதி, ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா தண்டமும் விதித்தது. மலையூரார் தம் ஆற்றைப் பற்றித் தாமாகவே வினவக்கூடும் என்பது நம்பத்தகாததாயிற்றுப் போலும்! அரை நூற்றாண்டுக்கு முன்னர் அதே ஊரிலே, ஆண்கள் இல்லாவிடில் எதிர்ப்பும் இராது எனக் கணக்கிட்ட மனப்பான்மைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

அந்த யூன் மாத மழையில் ரேணியின் நிலம் பிளந்தது, வீதி சரிந்தது. நிலவியலாளர் ஆராய்ந்து, ஊர் வாழ்தற்கு ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்றுதல் வேண்டும் என்று பரிந்துரைத்தனர். 1991இல் மறைந்த கௌரா தேவிக்கு ஊரார் எழுப்பியிருந்த சிலையைக் காப்பாற்றும் பொருட்டு, அதைப் பெயர்த்துச் சோசிமடத்துக்கு எடுத்துச் சென்றனர். ஊர்ப் பெண்கள் கண்ணீருடன் பார்த்து நின்றனர். சிலைக்கு உடனே ஓர் இடம் கிடைத்துவிட்டது. உயிருள்ள மக்களுக்கு நிலமெங்கே, மேய்ச்சலெங்கே, காடெங்கே என்ற கேள்விகள் எஞ்சின. சிலை சென்ற சோசிமடத்திலும், 2023இன் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் வெடிப்புற்றன. அந்நகர் பழைய மண்சரிவின் மீது அமர்ந்துள்ளது, கனமான கட்டுமானங்களைத் தாங்காது என 1976இலேயே அரசின் குழுவொன்று எச்சரித்திருந்தது.

இவற்றையெல்லாம் கண்டு, சிப்கோ தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுதல் தவறாகும். 1974இல் ரேணியின் பெண்கள் காத்த காடு அவ்வூருக்கு மேலே நின்றது. அது அவர்களுடைய வெற்றி. அவர்களால் எட்ட இயலாத உயரத்திலிருந்து பாறை பெயர்ந்தது. அவர்களைக் கேளாமல் ஆற்றிற் கட்டடம் எழுந்தது. ஓர் ஊர் தனித்து நின்று வெல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே இதன் பொருள். மரத்தைக் காக்க ஓர் ஊரின் பெண்கள் போதுமாயிருந்தனர். மலையைக் காக்க, ஆற்றின் நெடுகிலும் உள்ள ஊர்களும், அம்மின்சாரத்தில் விளக்கேற்றும் நகரங்களும், சுரங்கத்தில் மாண்ட கூலித் தொழிலாளரின் ஊர்களும் ஒன்றுபடுதல் வேண்டும்.

அந்த மாணவன் கேட்ட கேள்விக்கு நாம் பின்னர் விடை சொன்னோம். ஊர் பிளந்திருக்கிறது; மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றோம். அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பின்னர், "அப்படியானால் அடுத்த வருடம் கூட்டத்தில் இதையும் சொல்ல வேண்டும், சேர்" என்றான். சொல்லத்தான் வேண்டும். மரக்கன்றை நடும்போது அதற்கு நீர் ஊற்றுபவர் யார், அதன் நிழல் யாருக்கு, அதனை வெட்டுவதா விடுவதா என்று தீர்மானிப்பவர் யார் என்ற வினாக்களையும் எம் மாணவர் கேட்கப் பழகுவாராயின், அவ்வாண்டின் சுற்றாடல் தினம் பயனுடையதாகும்.